நாளற்ற துயர்

ஒரு நாட்டிற்கு நேர்ந்த பெருந்துயரை அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் மறவாது போற்றுதற்கு மூன்று பற்றுக்கோடுகள் வேண்டும். அவை நாள், இடம், பெயர் என்பன. இன்ன நாளில் நிகழ்ந்தது என்று சொல்ல ஒரு நாளும், இங்கே நிகழ்ந்தது என்று காட்ட ஓர் இடமும், இன்னார் மாண்டனர் என்று அழைக்கப் பெயரும் இருப்பின் அத்துயர் தலைமுறை கடந்தும் நிற்கும். இம்மூன்றும் இல்லாத துயர், எத்துணைப் பெரியதாயினும், அதனை அனுபவித்தோர் மறையும்போது அவரோடு உடன் மறையும்.

1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அமிருதசரசு நகரத்து ஜாலியன் வாலாபாக் என்னும் தோட்டத்திற் கூடியிருந்த மக்கள்மேல் டயர் என்னும் படைத்தலைவன் துப்பாக்கிப் பிரயோகம் செய்வித்தான். அந்த நாள் நமக்குத் தெரியும். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கின்றது. அதன் சுவரிலே குண்டு பாய்ந்த வடுக்களைச் சென்றோர் காணலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலே கடல் பொங்கி எழுந்து நம் கரைமேற் பாய்ந்தது. தமிழ் நாட்டில் ஏறக்குறைய எண்ணாயிரவர் மாண்டனர். அவருள் ஆறாயிரவருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தார். அந்நாள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றது. வருந்தோறும் காசிமேட்டு மீனவக் குடும்பத்தார் கரைக்குச் சென்று கடலிற் பாலும் மலரும் இடுகின்றனர். இவையெல்லாம் நாளும் இடமும் உடைய துயரங்கள்.

ஆனால் காசிமேட்டிலிருந்து சிறிது தொலைவே உள்ள நம் வியாசர்பாடியில், நாளும் இடமும் இல்லாத துயரம் ஒன்று வீடுகளுக்குள்ளே வாழ்ந்து வருகின்றது. அது 1942-ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கால்நடையாகப் புறப்பட்டு, வழியிலே மாண்டவரைப் பற்றிய துயரம். அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன். பாரத நாட்டுக்கு நேர்ந்த பெருந்துயரங்களுள் அதுவும் ஒன்று என்பதும், அதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தல் நம்மனோர் கடமை என்பதும் என் கருத்து.

முதற்கண் நிகழ்ந்தது இன்னதென்று கூறுவேன். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். தலைநகராகிய இரங்கூனில் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. பர்மா என்றதும் நம் நினைவுக்கு வருவோர் அங்கே வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஆயின் தொகையிற் பெரும்பாலோர் அவரல்லர்; கப்பலில் மூட்டை ஏற்றியவரும், நெல் ஆலைகளில் உழைத்தவரும், வயலில் அறுவடை செய்தவரும், தெருக் கூட்டியவருமாகிய ஏழை மக்களே. தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் வங்காளிகளும் அவருள் இருந்தனர்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானியர் விமானங்கள் இரங்கூன்மீது முதன்முதற் குண்டு பொழிந்தன. இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று மீண்டும் பொழிந்தன. மக்கள் வீடு வாசல்களை விட்டு ஓடத் தொடங்கினர். துறைமுக வேலையும் நகர வேலையும் நின்றுவிடுமென அஞ்சிய ஆங்கில அரசாங்கத்தார், உழைப்பாளிகள் வெளியேறுவதைத் தடுக்க முயன்றனர். பணமுடையார் கப்பலேறினர், கப்பற் கூலிக்கு வழியற்றவர் நடந்தனர். 1942-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தபின், கடல்வழி அடைபட்டுப் போக, நடையே பெரும்பாலோர்க்கு வழியாயிற்று.

நடந்தவர் சென்ற வழிகள் பல. புரோமிலிருந்து மலைகடந்து தவுங்கூப் என்னும் கடற்கரை ஊரை அடைந்து, அரக்கான் கரைவழியே சிட்டகாங் சேர்ந்தவர் ஒரு சாரார். சிந்துவின் ஆற்றைக் கடந்து, கபோ பள்ளத்தாக்கின் வழியே தாமு என்னும் ஊரை எய்தி, மணிப்பூர் மலைகளில் ஏறி இம்பாலும், அதன்பின் திமாப்பூர்ப் புகைவண்டி நிலையமும் அடைந்தவர் மற்றொரு சாரார். வடகோடியில் உக்காங் பள்ளத்தாக்கைக் கடந்து பாங்சாவ் கணவாய் வழியாக அசாம் நாட்டு லீடோவுக்கு வந்தவர் மூன்றாவது சாரார். தண்ணீரின்மை, வாந்திபேதி, மலேரியாக் காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, பசி ஆகியன அவர்களைத் தொடர்ந்தன. மழைக்காலம் தொடங்கியபின் சேறும் அட்டைகளும் வழியை மூடின. வெள்ளையர்க்கு நல்ல வழியும் இந்தியர்க்குத் தீய வழியும் ஒதுக்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டு அக்காலத்து இந்தியாவிலே பெருங்கொதிப்பை எழுப்பியது.

நான்கு லட்சம் முதல் ஐந்து லட்சம் மக்கள் வரை இந்தியாவை வந்தடைந்தனர் என்பர். வழியில் மாண்டவர் பத்தாயிரவர் என்பாரும், ஐம்பதாயிரவர் என்பாரும், அதனினும் மிகுதி என்பாரும் உளர். இத்தொகைகளுக்கு இடையேயுள்ள வேற்றுமையைப் படிப்பவர் சற்று நின்று நோக்குமாறு வேண்டுகின்றேன். நாற்பதாயிரம் மக்கள் இறந்தாரோ இலரோ என்று ஐயுறும்படியாக ஒரு நிகழ்ச்சி வரலாற்றில் எழுதப்பட்டிருக்கின்றது! ஆடு மாடுகளை விற்பவனும் தன் மந்தையை இங்ஙனம் கணக்கிடான். ஹியூ டிங்கர் என்னும் வரலாற்றாசிரியர் 1975-ஆம் ஆண்டில் இந்நடையைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தபோது, மறக்கப்பட்ட நெடும்பயணம் என்னும் பொருள்படவே அதற்குத் தலைப்பிட்டார். நடந்து முப்பத்து மூன்று ஆண்டுகளிலேயே அது மறக்கப்பட்டதாயிற்று.

மறந்தது ஏன்? நம் மக்கள் கன்னெஞ்சர் என்பது காரணமன்று. இத்துயரம் ஒரு நாளில் நிகழவில்லை. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து மழைக்காலம் முடியும் வரையில், ஒருவர் இன்று ஒரு மரத்தடியிலும், மற்றொருவர் நாளை ஓர் ஓடைக்கரையிலுமாக மாண்டனர். உடன் வந்தோர் அழுதற்கும் நில்லாமல் நடந்தனர். நின்றால் அவரும் மாள்வர். எனவே நாளில்லை, இடமில்லை, பிணத்தைப் புதைத்த குழியுமில்லை. அன்றியும், ஆண்ட அரசு தோற்று ஓடிய காலத்து நிகழ்ச்சி இது. தோல்வியை நினைவூட்டும் கல்லை எந்த அரசும் விரும்பி நாட்டாது. அதன்பின் வந்த சுதந்திர இந்திய அரசுக்கோ, அதன் முன்னே பஞ்சாபிலும் வங்காளத்திலும் புதிய அகதிகள் லட்சக்கணக்காக நின்றனர்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அகதிகள் நடந்த அதே இம்பால், திமாப்பூர் வழியிலே, இரண்டு ஆண்டு கழித்து 1944-இல் கொகிமாவில் பெரும்போர் நிகழ்ந்தது. அங்கே மாண்ட போர்வீரர்க்குக் கொகிமாவில் அழகிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட கல்லறைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில், புதைத்த இடம் தெரியாத ஏறக்குறைய 27,000 போர்வீரர்களின் பெயர்கள் தூண்களிலே செதுக்கப்பட்டுள்ளன. உடல் கிடையாதாயினும் பெயர் நிற்கவேண்டும் என்று அங்கே ஒரு முறை செய்தனர். அது மிக நல்ல முறை. நான் கேட்பது இதுவே: துப்பாக்கி ஏந்தி அவ்வழியில் மாண்டவனுக்குரிய அம்முறை, கைக்குழந்தையும் மூட்டையும் ஏந்தி அவ்வழியில் மாண்டவளுக்கு ஏன் உரித்தாகவில்லை?

நிற்க. இத்துயரம் வியாசர்பாடிக்கு வந்தது எங்ஙனம் என்பதைக் கூறுவேன். 1942-இல் எல்லோரும் பர்மாவை விட்டு வந்துவிடவில்லை. பலர் அங்கேயே தங்கினர். போர் முடிந்தபின் திரும்பிச் சென்றவரும் உளர். 1962-ஆம் ஆண்டில் நே வின் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகளும் வாணிகமும் அரசுடைமையாயின. 50 கியாத்து, 100 கியாத்து நாணயத் தாள்கள் செல்லாவாயின. மூன்று தலைமுறையாக ஈட்டிய பொருளை நகையோடு அங்கேயே விட்டுவிட்டு, இந்தியர் லட்சக்கணக்கிற் கப்பலேறினர். அவருள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ் நாட்டுக்கு வந்தனர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவருட் பலர் நம் வியாசர்பாடியில் பக்தவத்சலம் காலனி முதலிய பகுதிகளிற் குடியமர்ந்தனர். கடற்கரை இரயில் நிலையத்தருகே 1969-இல் தோன்றிய பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காக அமைந்ததே.

வந்தவருட் சிலர் இங்கே மனம் பொருந்தாமல், பிறந்த பர்மாவுக்கே மீளக் கருதி வடகிழக்கு நோக்கிச் சென்றனர். எல்லையிலே தடுக்கப்பட்டு, மணிப்பூரைச் சேர்ந்த மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் இன்றும் உண்டு. அவ்வூர் இருப்பது 1942-இல் நடந்தவர் தாமுவைக் கடந்து இந்திய மண்ணை மிதித்த அதே வழியில் என்பது கருதத்தக்கது.

கப்பலில் வந்த குடும்பங்கள் பலவற்றில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்து போனவரைப் பற்றிய நினைவும் உடன் வந்தது. எங்கள் தெருவில் வாழும் மூதாட்டியார் ஒருவர் 1965-இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாய்க் கப்பலில் வந்தவர். அவருடைய ஆயாவின் கணவரும் மூத்த மகனும் 1942-இல் தவுங்கூப் வழியாக நடந்து போயினர். கைக்குழந்தையோடிருந்த ஆயா பின்தங்கினார். போனவரிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. கப்பல் சென்னையை அடைந்தபோது மற்றையோர் மூட்டைகளை எண்ணினர். ஆயாவோ கரையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாராம். “யாரைத் தேடுகிறாய், ஆயா?” என்று சிறுமி கேட்டதற்கு, “நடந்து வந்தவர்கள் நமக்கு முன்பே வந்திருப்பார்களே, அம்மா!” என்றாராம்.

அவ்வாயா இறக்கும் வரையில் தாலியைக் களையவில்லை. இறந்த நாள் தெரியாதவர்க்கு மஹாளய அமாவாசையன்று கடன் கழிக்கலாம் என்று உறவினர் எடுத்துச் சொல்லியும் உடன்படவில்லை. “கடன் கழித்தால், அவர் இறந்தார் என்று நானே சொன்னதாகும்,” என்று மறுத்தாராம். அவர் மறைந்த பின்னரே பேத்தியார் மூவர்க்குமாகச் சேர்த்து இலையிடத் தொடங்கினர். நான் அவ்விருவர் பெயரையும் கேட்டேன். பாட்டனார் பெயரைச் சொன்னார். தாய்மாமன் பெயரைக் கேட்டபோது சற்று நேரம் பேசாதிருந்து, “பெரியவன் என்றுதான் ஆயா சொல்லும். வேறு பெயர் எனக்குத் தெரியாது,” என்றார்.

இதனைக் கேட்டபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு வீடு தன்னளவில் எத்துணை அன்போடு காத்தாலும், நாளற்ற துயரை மூன்றாந் தலைமுறைக்கு மேல் தனியே சுமக்க இயலாது. ஆயாவுக்கு அவன் முகம் தெரியும். பேத்திக்கு ‘பெரியவன்’ என்னும் சொல் தெரியும். பேத்தியின் மக்களுக்கு அதுவும் தெரியாது. கல்லும் ஏடும் இன்றி நெஞ்சு ஒன்றையே நம்பிய நினைவின் கதி இதுவே.

காசிமேட்டுக் குடும்பங்களின் நிலையை இதனோடு வைத்துப் பாருங்கள். கடல் கொண்டவருள்ளும் உடல் கிடையாதவர் பலர். இந்திய நாடு முழுதும் காணாமற் போனவராக எழுதப்பட்டோர் 5,600-க்கு மேற்பட்டவர். அவர்தம் தாய்மாரும் மனைவியரும் நம் ஆயாவைப் போலவே முகங்களைத் தேடியிருப்பர். ஆயினும் அவர்களுக்கு டிசம்பர் 26 என்றொரு நாள் உண்டு. அன்று தெருவே கூடி நடக்கின்றது. உடலைப் பெற்றுப் புதைத்தவளும் பெறாதவளும் ஒரே கரையில் நின்று ஒரே கடலிற் பால் வார்க்கின்றனர். “நீ ஏன் இன்னும் அழுகிறாய்?” என்று அன்று அவளை எவரும் கேட்கமாட்டார். ஊரார் கூடி ஒருநாள் அழுதமையால், மறுநாட் காலை கட்டுமரத்தைக் கடலிற் செலுத்தும் வலிமையும் பிறக்கின்றது. நாள் துயரத்தைப் பெருக்குவதன்று. துயரத்துக்குக் கரை கட்டுவது. நாளற்றவர்க்கோ எல்லா நாளும் அந்நாளாகவே இருக்கின்றது.

பாதிக்கப்பட்டோர் நினைவைக் காக்கும் வழிகளுள் உணவும் ஒன்று. 2009-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ஈழத்திலே முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதி நாட்களில் அங்கே அடைபட்டிருந்த மக்கள் வேறுணவின்றி, சிறிது அரிசியும் உப்பும் நீரும் இட்டுக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து உயிர் தாங்கினர். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில், உறவினரை இழந்தோர் அக்கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி வழிப்போவார்க்கு வழங்குகின்றனர். 2024-இல் திருகோணமலையைச் சார்ந்த சம்பூரில் அதனை வழங்கியதற்காகப் பெண்கள் உள்ளிட்ட சிலரைக் காவலர் கைது செய்தனர். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு ஓர் அரசு அஞ்சுமாயின், அக்கஞ்சியிலுள்ள நினைவின் வலிமையைக் கூறவும் வேண்டுமோ?

நம் வேதத்தில் யாத்திராகமத்தைப் படித்தோர் பஸ்கா விருந்தை அறிவர். எகிப்தினின்றும் புறப்பட்ட மக்கள், அந்த இரவை மறவாதிருக்கப் புளிப்பில்லா அப்பமும் கசப்பான கீரையும் உண்ணும்படி விதிக்கப்பட்டனர். அவ்விதியில் நான் வியப்பது ஒன்று. இதன் கருத்தென்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும், பெற்றோர் விடை சொல்லவேண்டும் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டுள்ளன. குழந்தையின் வினாவையும் சேர்த்தே விருந்து வகுக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டாக அந்நினைவு அழியாமைக்கு அவ்வினாவே காரணம் என்பேன்.

நம் வியாசர்பாடியிலும் அத்தகைய உணவு ஒன்றுண்டு. அதுவே அத்தோ. அச்சொல் பர்மிய மொழியில் கையாற் பிசைந்து கலந்த உணவைக் குறிக்கும். மாலை வேளையில் தள்ளுவண்டிகளைச் சூழ்ந்து நின்று, வெங்காயமும் முட்டைக்கோசும் புளிநீரும் பூண்டெண்ணெயும் கலந்த அவ்வுணவையும், வாழைத்தண்டு இட்ட சூடான சாற்றையும் நம் மாணவருள் உண்ணாதார் இல்லை. அகதியாய் வந்தவர் நமக்கு அளித்த கொடை அது. ஆனால் அதனை உண்ணும் நாம் ஒருவரும், இது இங்கே வந்தது எப்படி என்று கேட்பதில்லை. கஞ்சியில் வினா இருக்கின்றது. அப்பத்தில் வினா இருக்கின்றது. அத்தோவிலோ சுவை மட்டும் எஞ்சிற்று. குற்றம் விற்பவரிடத்தன்று, கேளாது உண்ணும் நம்மிடத்தே.

இனி இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன சிலவற்றை ஆராய்வேன். பழம் புண்ணைக் கிளறுதல் நன்றோ என்பர் சிலர். புண் ஆறிவிட்டதாயின் கிளறலாகாது என்பது உண்மையே. ஆனால் முகம் தேடியே மாண்ட ஆயாவுக்குப் புண் ஆறிற்று என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. பேசாதிருத்தலும் ஆறுதலும் ஒன்றல்ல. நடந்து வந்து உயிர் பிழைத்தவருட் பேச வல்லார் பேசவே விரும்பினர். இரங்கூனில் ‘ஜோதி’ என்னும் பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா தாம் நடந்து வந்த வரலாற்றைத் தமிழில் எழுதிவைத்தார். எழுதவறியாத ஆயிரவர்க்கு அவ்வாய்ப்பு இல்லாமற் போயிற்று. விருப்பம் இல்லாமற் போகவில்லை.

அயல்நாட்டில் நிகழ்ந்ததை நம் நாட்டுத் துயரம் என்னலாமோ என்பர் வேறு சிலர். மாண்டவர் நம் மக்கள்; அவர் நோக்கி நடந்தது நம் நாடு; மாண்டவருட் பலர் விழுந்தது நம் அசாம், மணிப்பூர் மலைகளில். அன்றியும் 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ என்னும் படத்தின் கதை இரங்கூனிலேதான் தொடங்குகின்றது. அதன் வசனங்களை ஒப்பிப்போர் இன்றும் உளர். அக்குடும்பம் சிதறியதற்குக் காரணமான பெயர்ச்சியை நினைப்போரே அரியர். தமிழ் நாட்டுக்கு இந்நிகழ்ச்சி அயலானதன்று, அருகிலிருந்தும் காணப்படாதது.

நினைவு நாள் வைத்தால் மாலையிடுவோரும் மேடையேறுவோரும் வந்து சேர்வர். உரியவர் பின்னுக்குத் தள்ளப்படுவர் என்பது மூன்றாவது தடை. இது பொருளுடைய அச்சம். நாட்டின் நினைவு பேரெண்ணைச் சொல்லும். வீட்டின் நினைவு பெயரைச் சொல்லும். எண்ணைச் சொல்லுவோர் கையில் நாளை ஒப்படைத்தால் அது விழாவாகிவிடும். ஆதலின் அந்நாளில் முதலிற் பேசவேண்டியவரும், வேண்டுமாயின் பேசாதிருக்க உரிமையுடையவரும் அக்குடும்பத்தாரேயாவர். நாம் செய்யத்தக்கது நாற்காலி இடுதலும், எழுதிக்கொள்ளுதலும், கேட்டிருத்தலுமே.

சங்க இலக்கியம் பயிலும் நாம் நடுகல்லை அறிவோம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்குக் கல் நாட்டிப் பெயரும் செயலும் பொறித்து வழிபட்டனர் நம் முன்னோர்; கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமும் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றது. ஜப்பானியர் காலத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1943-இல் முடிந்த 415 கிலோமீட்டர் மரண இரயில்பாதையிலே மாண்ட தமிழர்க்கு, அண்மையில் மலேசியத் தமிழர் முயன்று தாய்லாந்து நாட்டுக் காஞ்சனபுரியில் ஒரு கல் நாட்டினர். அதற்கு நடுகல் என்றே பெயரிட்டனர். அவ்வூரில் வெள்ளைப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் முன்னரே உண்டு. தமிழ்க் கூலியாட்களுக்கு எண்பது ஆண்டு கழித்து ஒரு கல் வந்தது. வீரனுக்கு உரியதாயிருந்த கல்லைக் கூலியாளுக்கு நாட்டிய அச்செயல், பழைய மரபுக்கு இழுக்கன்று; அம்மரபின் வளர்ச்சியாகும். மலேயாத் தமிழர்க்கு அது செய்யப்பட்டதாயின், பர்மாத் தமிழர்க்குச் செய்ய இயலாதென்பது யாங்ஙனம்?

ஆகவே நம் கல்லூரி மாணவர் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் பழைய மாணவர் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, பெயர். கல் பின்னர் வரலாம். பெயரை இப்பொழுதே எழுதவேண்டும். 1942-இற் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். 1964-க்குப் பின் சிறுவராய்க் கப்பலில் வந்தோர்க்கும் முதுமை எய்திற்று. வரும் விடுமுறையில் தமிழ் மாணவரும் வரலாற்று மாணவரும் இருவர் இருவராய் வியாசர்பாடி வீடுகளுக்குச் சென்று, வந்து சேராதவர் பெயர், ஊர், செய்த தொழில், புறப்பட்ட வழி, கடைசியாகக் கண்டவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதுவோம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தோம். பெயர் தெரியாதவிடத்து வீட்டார் வழங்கும் சொல்லையே எழுதுவோம். எழுதிய ஏட்டின் ஒரு படியை அவ்வீட்டார்க்கும், ஒரு படியை நம் கல்லூரி நூல்நிலையத்துக்கும் கொடுப்போம்.

இரண்டாவது, நாள். நாளற்ற துயருக்கு நாள் குறிப்பது பொய்யாகாதோ எனின், ஆகாது. மஹாளய அமாவாசையும், நம் திருச்சபையார் நவம்பர் 2-ஆம் நாள் கொண்டாடும் கல்லறைத் திருநாளும், மறைந்த நாள் தெரியாதாரையும் உட்கொண்டு வகுத்த நாட்களே. முதற் குண்டு விழுந்து நடை தொடங்கிய டிசம்பர் 23-ஆம் நாள் பொருத்தமானது என்பது என் எண்ணம். காசிமேட்டார் கடலுக்குச் செல்லும் நாளுக்கு அது மூன்று நாள் முந்தியது. ஒரே பகுதியில் வாழும் இருவகைத் துயருடையாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்ல அஃது இடந்தரும். எனினும் முடிவு செய்ய வேண்டியவர் குடும்பத்தாரே. அவர் வேறு நாளைச் சொல்லின் அந்நாளே நாளாகுக.

மூன்றாவது, இடம். சென்னைத் துறைமுகத்தை நோக்கியோ, வியாசர்பாடியின் ஒரு தெருமுனையிலோ, ஒரு சிறு கல் போதும். அதனிடத்தே தொகை எதுவும் பொறிக்கவேண்டா; அறிஞர் அதனைப் பற்றி வழக்கிட்டுக்கொள்ளட்டும். ஏட்டில் எழுதிய பெயர்களைப் பொறித்தால் அமையும். கல்லின் அருகே அன்று மாலை ஒரு தள்ளுவண்டியும் நிற்கட்டும். உண்ண வரும் சிறுவன் இது என்ன கல் என்று கேட்கட்டும்.

நண்பர்காள்! பட்டம் பெற்று நாம் இக்கல்லூரியை விட்டுப் போகுமுன் செய்து முடிக்கத்தக்க சிறு பணி இது. பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஒரு குறிப்பேடும், மாலை வேளைகள் சிலவும், கேட்குஞ் செவியும் வேண்டும். ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு பெயர் என்னிடம் உண்டு. தவுங்கூப் வழியிலே தந்தையோடு நடந்து, இன்னும் வந்து சேராத பெரியவன் என்பவனே அவன். அடுத்த வரியை எழுதுவதற்கு வருமாறு உங்களை அழைக்கின்றேன்.